குமரி மாவட்டத்துச் சமையல் பழக ஆரம்பிக்கிறவங்களுக்கு: ஒரு தேங்காய், மூணு அரைப்பு

நாகர்கோவிலுக்கு மாத்தலாகி வந்தவங்க, மார்த்தாண்டம் பக்கம் கல்யாணம் முடிச்சு வந்தவங்க, சென்னையிலயோ துபாய்லயோ வளந்துட்டு அம்மை ஊருச் சாப்பாட்ட இப்பதான் சொந்தக் கையால செஞ்சு பாக்கணும்னு நினைக்கிறவங்க, இவங்க எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதுறேன். வீடியோ நிறைய கிடக்கு. அதப் பாத்து ஒவ்வொரு கறியா மனப்பாடம் பண்ணி ஆறு மாசம் கழிச்சும் கை பழகலேன்னு சொல்றவங்கள நான் நிறைய பாத்துட்டேன். எங்க ஊரு அடுக்களைக்குள்ள நுழையறதுக்கு வேற ஒரு வாசல் இருக்கு, அது தேங்காய எப்படி அரைக்கிறோம்ங்கிறது. மொத்தம் மூணு அரைப்பு. அது கைக்கு வந்துட்டா அவியல், துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), புளிச்சேரி (தேங்காய் அரைச்ச மோர்க்குழம்பு), மீன்கறி, தீயல் (தேங்காய வறுத்து அரைச்ச புளிக்குழம்பு) எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரங்கன்னு தன்னால புரியும், புதுசா ஒரு காய் கையில கிடைச்சாலும் என்ன செய்யலாம்னு யாரையும் கேக்க வேண்டி வராது.

அடுப்புப் பக்கம் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஊர்க்கதை

இத படிக்காம தாவிராதீங்க, சமையலுக்கும் இதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு.

இந்த மாவட்டம் பல தலைமுறையா திருவிதாங்கூரோட இருந்த மண். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, இந்த நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1 அன்னைக்குத்தான் சென்னை மாநிலத்தோட சேந்துது, அதுதான் இன்னைக்கு கன்னியாகுமரி மாவட்டம். மார்ஷல் நேசமணி தலைமையில தமிழுக்காக பெரிய போராட்டம் நடந்து, 1954 ஆகஸ்ட் 11ல துப்பாக்கிச் சூட்டுல உயிரெல்லாம் போயி கிடைச்ச சேர்க்கை அது. மொழிக்காக அவ்வளவு உறுதியா நின்ன சனம், அடுப்புல வைக்கிற சட்டிய மட்டும் மாத்திக்கல. களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டினா பாறசாலை, அந்தப் பக்கத்து வீட்டுலயும் தீயல், இந்தப் பக்கத்து வீட்டுலயும் தீயல். எல்லைக்கோடு மேப்புல விழுந்துச்சு, அம்மிக்கல்லுல விழல.

அதனால இத யாராவது "ஓ, கேரளா சாப்பாடா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டா எனக்கு மனசு வலிக்கும். தமிழ் பேசுற வீட்டுல, தமிழ்ல பேர் சொல்லி, தலைமுறை தலைமுறையா அரைச்சு வச்ச கறி இது. அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கும் சொந்தம், எங்களுக்கும் சொந்தம், ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் கடன் வாங்கினதுன்னு சொல்ல எந்த அவசியமும் இல்ல.

நேரம் இருந்தா தக்கலை பக்கத்துல பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு தடவ போயிட்டு வாங்க, திங்கக்கிழமை லீவு. 1795 வரைக்கும் திருவிதாங்கூருக்கு அதுதான் தலைநகர். தமிழ்நாட்டு மண்ணுல நிக்குது, ஆனா பாத்துக்கறது கேரள அரசு. உள்ள ஊட்டுப்புரைன்னு நீளமான ரெண்டு மாடிச் சாப்பாட்டுக் கூடம் இருக்கு, ஒரே பந்தியில ஆயிரம் பேருக்கு மேல உக்காந்து சாப்பிடலாம்னு சொல்வாங்க, ஊறுகா போட்டு வச்ச பெரிய பெரிய பரணி (ஜாடி) எல்லாம் இன்னும் அங்க இருக்கு. நீங்க கத்துக்கப் போற சாப்பாட்டுக்கு எவ்வளவு பெரிய பந்தி இருந்துச்சுன்னு அங்க நின்னு பாத்தா தெரியும்.

தேங்காய் ஏன் இவ்வளவுன்னா, மழை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ரெண்டும் பெய்யற மாவட்டம் இது, தென்னையும் வாழையும் பலாவும் வீட்டுக் கொல்லையிலயே நிக்கும். ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி மின்சாரக் காத்தாடி நிக்கிற பக்கம் போயிட்டா மண்ணு வறண்டுரும், தாளிப்புலயும் நல்லெண்ணெய் வந்துரும். கணவாய்க்கு மேற்க இருக்கிற இந்தப் பச்சைதான் இலையில வந்து விழுது.

படி 1: வாங்க வேண்டியது

முத்தின தேங்காய். ஆட்டிப் பாத்தா தண்ணி சத்தம் கேக்கணும், கண்ணு பக்கம் ஈரம் இருக்கக் கூடாது. ஈத்தாமொழி பக்கத்து நெட்டைத் தென்னைக்கு புவிசார் குறியீடே இருக்கு, பருப்பு நல்ல கனமா இருக்கும், கிடைச்சா அத வாங்குங்க. துருவும்போது ஓட்டு ஓரத்துல இருக்கிற பழுப்புத் தோல் வராம வெள்ளைய மட்டும் துருவணும், முக்கியமா அவியலுக்கு.

எண்ணெய், செக்குல ஆட்டின தேங்காண்ணெய். ரீஃபைண்ட் எண்ணெயில செஞ்சுட்டு "வாசமே வரல"ன்னு சொல்லாதீங்க, பாதி வாசம் எண்ணெயிலதான் இருக்கு. அப்புறம் வத்தல் (காஞ்ச மிளகா), மல்லி, சீரகம், மஞ்சள், நல்லமிளகு (வெளியூர்ல மிளகுன்னு சொல்றது), புளி, கடுகு, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), கறிவேப்பிலை. அரிசிக்கு சம்பா, செவப்பு ஓடின புழுங்கல். வேக நேரம் ஆகும், குக்கர்ல குழைச்சிராம நிறைய தண்ணியில வேக வச்சு வடிங்க. அந்தக் கஞ்சித்தண்ணியக் கொட்டிராதீங்க, உப்புப் போட்டு குடிங்க.

காய்கறிக்கு வடசேரி கனகமூலம் சந்தை, மேற்க இருக்கறவங்களுக்கு திங்கள்சந்தை, மார்த்தாண்டம், கருங்கல். கடையில "அவியலுக்கு காய் போடுங்கண்ணாச்சி"ன்னு சொன்னாலே எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரு கூறா குடுத்துருவாங்க, புதுசா வந்தவங்களுக்கு இது பெரிய உதவி.

படி 2: மூணு அரைப்பும் என்னென்ன

முதலாவது பச்சை அரைப்பு. தேங்காய், பச்சமிளகா, சீரகம், கொஞ்சம் மஞ்சள், ரெண்டு மூணு சின்ன உள்ளி. எதையும் வறுக்கிறது கிடையாது. அவியலுக்கும் துவரனுக்கும் ஒண்ணும் பாதியுமா அரைக்கணும், புளிச்சேரிக்கு மட்டும் வழுவழுன்னு.

ரெண்டாவது மீன்கறிக்குப் போற அரைப்பு. தேங்காய், வத்தல், மல்லி, மஞ்சள், சின்ன உள்ளி. இதுவும் வறுக்காததுதான், ஆனா கண்ணுக்குப் போடுற மை மாதிரி அரைபடணும், விரல்ல தொட்டா ஒரு துணுக்கு தட்டக் கூடாது.

மூணாவது வறுத்தரைப்பு, அதுதான் தீயல். தேங்காய நிறம் மாறுற வரைக்கும் வறுத்து, அப்புறம் அரைக்கிறது.

அம்மியில அரைச்ச காலத்துல இந்த வித்தியாசம் கைக்கே தெரியும், எத்தன இழுப்பு இழுக்கணும்னு அம்மை சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. மிக்ஸியில நாமதான் கவனிக்கணும். பச்சை அரைப்புக்கு தண்ணி விடாம விட்டு விட்டு ரெண்டு மூணு சுத்து, போதும், நிறுத்திருங்க. அதுக்கு மேல ஓட விட்டா தேங்காய் சூடாயி எண்ணெய் விட்டுரும், அவியல் கொழகொழன்னு ஆயிரும்.

படி 3: துவரன்ல ஆரம்பிங்க

இது சின்ன வேலை, கால் மணி நேரம். பயத்தங்காயோ முட்டைக்கோசோ முருங்கைக்கீரையோ எதாவது பொடியா அரிஞ்சுக்கோங்க. தேங்காண்ணெயில கடுகு, கொஞ்சம் அரிசி (ஆமா, பச்சை அரிசிதான், பொரிஞ்சு கடுக்குன்னு வாயில படும்), வத்தல், கறிவேப்பிலை தாளிச்சு காயப் போட்டு, உப்பு, தண்ணி தெளிச்சு மூடி வைங்க. முக்கால் வெந்ததும் நடுவுல குழி பண்ணி பச்சை அரைப்ப வச்சு, சுத்தி இருக்கிற காயால மூடி, ரெண்டு நிமிஷம் ஆவி வந்ததும் கிளறி இறக்குங்க. அந்தக் குழி பண்ணி மூடுற பழக்கம் முக்கியம், பச்சத் தேங்காய் நேரா சட்டியில படாம ஆவியில மட்டும் வேகும், அப்பதான் இனிப்பு நிக்கும். இதே பழக்கம்தான் அவியலுக்கும்.

படி 4: அவியல்

நாலு பேருக்குன்னு வச்சுக்கோங்க. காய் மொத்தம் அறுநூறு கிராம் வாக்குல. சேனை, ஏத்தங்காய் (நேந்திரங்காய்), முருங்கைக்காய், தடியங்காய் (வெள்ளைப்பூசணி), புடலங்காய், வழுதலங்காய் (கத்திரிக்காய்), பயத்தங்காய், மாங்காய் சீசன்னா மாங்காய். கேரட்டும் பீன்ஸும் இப்ப எல்லாரும் போடுறாங்க, தப்பில்ல. உருளைக்கிழங்கு வேண்டாம், மாவாயி மத்த காய மூடிரும். பீட்ரூட் கேக்கவே வேண்டாம். எல்லாத்தையும் விரல் நீளத்துக்கு ஒரே அளவா அரியணும், இதுல சோம்பேறித்தனம் பாக்கக் கூடாது, ஒரே கனம் இருந்தாத்தான் ஒண்ணு குழைஞ்சு ஒண்ணு வேகாம நிக்கிற கத வராது. ஏத்தங்காயும் சேனையும் அரிஞ்சதும் தண்ணியில போட்டு வைங்க, கறுத்துப் போகாது.

சட்டியில முதல்ல சேனை, ஏத்தங்காய், கொஞ்சம் தண்ணி, மஞ்சள், உப்பு. அது பாதி வெந்ததும் முருங்கைக்காய், பயத்தங்காய், வழுதலங்காய். கடைசியா தண்ணி விடுற காய், அதாவது தடியங்காயும் புடலங்காயும். தண்ணி நிறைய ஊத்தாதீங்க, அந்தக் காயே தண்ணி விட்டுக்கும், வெந்து முடியும்போது சட்டியில தண்ணி கிட்டத்தட்ட இருக்கவே கூடாது.

அரைப்புக்கு ஒரு மூடித் தேங்காய், பச்சமிளகா நாலஞ்சு, சீரகம் ஒரு சின்ன ஸ்பூன், சின்ன உள்ளி நாலு. துவரன் மாதிரியே குழி பண்ணி வச்சு மூடி, ஆவி வந்ததும் புளிப்பு சேக்கணும். இந்தப் புளிப்பு விஷயத்துல வீட்டுக்கு வீடு அபிப்பிராயம் மாறும், மாங்காய் போட்டா வேற புளிப்பே வேண்டாம்னு சொல்ற வீடு இருக்கு, புளிக்கரைசல் கொஞ்சம் விடுற வீடு இருக்கு, கெட்டித் தயிர அடிச்சு அடுப்ப அணைச்சிட்டு கலக்குற வீடும் இருக்கு. என்னக் கேட்டா மாங்காய் காலத்துல மாங்காய்தான், மத்த நாள்ல தயிர். மாமியார் வீட்டுல என்ன வழக்கமோ முதல்ல அதச் செஞ்சு பழகுங்க, அப்புறம் உங்க கைக்கு மாத்திக்கலாம்.

கடைசியா ரெண்டு பெரிய ஸ்பூன் தேங்காண்ணெய பச்சையா மேல ஊத்தி, கறிவேப்பிலைய கையால கசக்கிப் போட்டு, உடனே மூடுங்க. தாளிக்க வேண்டாம். அஞ்சு நிமிஷம் மூடி இருக்கட்டும். அகப்பையப் போட்டு கலக்காம சட்டியத் தூக்கி ரெண்டு குலுக்கு குலுக்கினா போதும், காய் உடையாது.

படி 5: தீயல், இதுக்கு அவசரப்படாதீங்க

இதுதான் இந்த மண்ணோட கறி. ஒரு வீட்டுல சமையல் எப்படின்னு பாக்கணும்னா பெரியவங்க தீயல்தான் கேப்பாங்க. மத்த எல்லாத்தையும் பக்கத்துல ஒரு வேலை பாத்துக்கிட்டே செய்யலாம், தீயலுக்கு வறுக்கும்போது போன எடுத்துரக் கூடாது.

முதல் தடவ உள்ளித் தீயல் வைங்க, காய் வேகுற கவலை இருக்காது. ஒரு மூடித் தேங்காய் துருவினது, வத்தல் ஆறு, மல்லி ரெண்டு பெரிய ஸ்பூன், நல்லமிளகு அரை சின்ன ஸ்பூன், வெந்தயம் ஒரு சிட்டிகை, வறுக்கிறதுக்கு சின்ன உள்ளி நாலஞ்சு அரிஞ்சது, ஒரு கொத்து கறிவேப்பிலை. கறிக்குள்ள போட கால் கிலோ சின்ன உள்ளி தனியா. சின்ன எலுமிச்சை அளவு புளி.

அடி கனமான இரும்புச் சட்டி இருந்தா நல்லது. ஒரு ஸ்பூன் தேங்காண்ணெய் விட்டு தேங்காயும் அரிஞ்ச உள்ளியும் போட்டு சின்னத் தீயில கிளற ஆரம்பிங்க. முதல்ல ஈரம் போகும், கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், அப்பத்தான் நிறைய பேரு தீயக் கூட்டி விட்டுருவாங்க, கூட்டாதீங்க. ஓரத்துல பொன்னிறம் வரும், அப்புறம் செம்பு நிறம், அப்புறம் நல்ல காப்பிக்கொட்டை நிறம். கால் மணி நேரத்துக்குக் குறையாது. செம்பு நிறம் வந்த உடனே மல்லி, வத்தல், நல்லமிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாத்தையும் சேருங்க, ஆரம்பத்துலயே போட்டா தேங்காய் செவக்கறதுக்குள்ள இதெல்லாம் கரிஞ்சு கசப்பு வந்துரும். நிறம் வந்ததும் அடுப்ப அணைச்சா மட்டும் போதாது, சட்டிச் சூட்டுலயே இன்னும் கறுக்கும், அதனால உடனே வேற தட்டுல கொட்டி ஆற விடுங்க.

நிறத்துல எங்க நிறுத்தணும்ங்கிறதுதான் பழக்கம். பொன்னிறத்துல நிறுத்தினா அது வறுத்தரைச்ச குழம்பு, நல்லாத்தான் இருக்கும், ஆனா தீயல் கிடையாது. கறுப்பா விட்டா கசக்கும். வாசம் ஒண்ணு சொல்லும்: பச்சத் தேங்காய் வாசம் முழுசா போயி, முந்திரிப்பருப்பு வறுத்த மாதிரி ஒரு கனத்த மணம் அடுக்களை முழுக்க நிக்கும், அப்ப நிறுத்துங்க.

ஆறினதும் மிக்ஸியில தண்ணி விடாம முதல்ல அரைங்க. கொஞ்ச நேரத்துல தேங்காய் தன் எண்ணெயையே விட்டு குழம்பா வரும், அது வந்த பிறகு தண்ணி தெளிச்சு வழுவழுப்பா அரைச்சு எடுங்க. ஆரம்பத்துலயே தண்ணி விட்டா எண்ணெய் பிரியாது, கறியும் மேல மினுங்காது.

மண்சட்டியில தேங்காண்ணெய் விட்டு கடுகு, கறிவேப்பிலை தாளிச்சு, முழு உள்ளியப் போட்டு நிறம் மாறுற வரைக்கும் வதக்கணும். மஞ்சள், உப்பு, புளிக்கரைசல் விட்டு நல்லா கொதிச்சு பச்சப் புளி வாசம் போனதும் அரைப்பக் கரைச்சு ஊத்தி, தீயக் குறைச்சு, ஓரத்துல எண்ணெய் தெளியற வரைக்கும் விடுங்க. ரொம்ப நீத்துப் போகக் கூடாது, சம்பாச் சோத்துல ஊத்தினா ஒட்டி நிக்கணும். மறுநாளைக்கு இன்னும் நல்லா இருக்கும், காலையில வச்சு ராத்திரி சாப்பிட்டாலே வித்தியாசம் தெரியும்.

இதே அரைப்புல பாவக்கா, வழுதலங்காய், முருங்கைக்காய், கத்துக்கிட்ட பிறகு றால் (இறால்), எதுல வேணும்னாலும் வைக்கலாம். றால் தீயல் வச்சு ஒருத்தருக்குப் பரிமாறுற அளவுக்கு வந்துட்டீங்கன்னா, நீங்க வெளியூர்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

படி 6: மீன்கறி

குளச்சல், முட்டம், கடியப்பட்டணம்னு கடலோரம் முழுக்க மீன் வரும். ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க, மேற்குக் கடல்ல ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் விசைப்படகு மீன்பிடிக்கத் தடை, கிழக்குக் கடல்ல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும். ரெண்டு கடலும் சேருற மாவட்டம்ங்கிறதால ரெண்டு தடையும் நம்ம சந்தையத் தொடும். அந்த மாசங்கள்ல சின்ன வள்ளத்துல பிடிச்ச மீன்தான் நல்லது, வெளியூர்ல இருந்து ஐஸ்ல வர்றதுன்னா பாத்து வாங்கணும்.

முதல்ல சாளை (மத்தி மீன்) வாங்குங்க. விலை கம்மி, ருசி அதிகம். "எக்கா, இன்னைக்குள்ளதா?"ன்னு கேட்டு, செவுள் செவப்பா இருக்கான்னு பாத்து, வெட்டியே வாங்கிருங்க.

அரை கிலோ மீனுக்கு ஒரு மூடித் தேங்காய், ஏழெட்டு வத்தல், மல்லி ஒரு பெரிய ஸ்பூன், மஞ்சள் அரை சின்ன ஸ்பூன், சின்ன உள்ளி அஞ்சு. வத்தலையும் மல்லியையும் வெந்நியில ஊற வச்சா மிக்ஸியில நல்லா மசியும். மண்சட்டியில புளிக்கரைசல், அரைப்பு, உப்பு, கீறின பச்சமிளகா, முருங்கைக்காய் ரெண்டு துண்டு, மாங்காய் கிடைச்சா நாலு கீத்து போட்டு கொதிக்க விட்டு, முருங்கைக்காய் வெந்ததும் மீனப் போடுங்க. மேற்க விளவங்கோடு பக்கம் போனா குடம்புளி போடுற வீடுகளும் உண்டு, மீன் போட்ட பிறகு அகப்பை கூடாது, துணியால சட்டிய ரெண்டு பக்கமும் பிடிச்சு சுழட்டணும். சாளைக்கு எட்டுப் பத்து நிமிஷம் தாராளம். இறக்கும்போது பச்சத் தேங்காண்ணெயும் கறிவேப்பிலையும்.

படி 7: மரச்சீனி

மீன்கறி வச்சுட்டு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிக்காம இருந்தா அது பாதிச் சாப்பாடு. கிழங்கு தோல உரிச்சு, உள்ள இருக்கிற செவப்புப் பட்டையையும் சேத்து எடுத்து, துண்டு போட்டு, நிறைய தண்ணியில மூடாம வேக வச்சு, அந்தத் தண்ணியக் கண்டிப்பா கொட்டிருங்க. பச்சக் கிழங்குல சயனைடு விடுற சத்து இருக்கு, தண்ணிய வடிக்கிற பழக்கம் அதுக்காகத்தான். ரொம்ப கசக்கிற கிழங்கு கிடைச்சா பேசாம தூக்கிப் போட்டுருங்க. வெந்ததும் உப்பு, கூடவே படி 2ல சொன்ன பச்சை அரைப்புல ரெண்டு பல் பூண்டு சேத்து அரைச்சதப் போட்டு மசிச்சா முடிஞ்சுது.

இந்தக் கிழங்கு நம்ம மண்ணுல பிறந்தது கிடையாது, தென் அமெரிக்காவுல இருந்து வந்தது. திருவிதாங்கூர்ல இத பரவலா நட வச்சவர் 1880ல இருந்து 1885 வரைக்கும் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான் பர்மாவப் பிடிச்சு அங்கேருந்து வந்த அரிசி நின்னு போனப்போ ஏழைபாழைங்க வயித்த நிறைச்சது இதுதான். பட்டினிக்காலத்துக் கிழங்குன்னு சொல்லி விருந்தாளி வந்தா மறைச்சு வச்ச வீடுகள் உண்டு. இன்னைக்கு பெரிய ஓட்டல் மெனுவுல விலை போட்டு எழுதியிருக்கான். நம்ம சனத்தக் காப்பாத்துன சாப்பாடு இது, மரியாதையோட பரிமாறுங்க.

படி 8: இலை போடப் பழகுறது

வீட்டு விசேஷத்துக்குப் போனா முதல் பந்தியில உக்காராதீங்க, ரெண்டாம் பந்தி வரைக்கும் நின்னு பரிமாறுறவங்களப் பாருங்க, முடிஞ்சா ஒரு வாளிய வாங்கி நீங்களும் பரிமாறுங்க, அதுல கத்துக்கிற மாதிரி வேற எதுலயும் கத்துக்க முடியாது. இலை நுனி சாப்பிடுறவருக்கு இடது பக்கம். உப்பேரி (ஏத்தங்காய் வறுவல்), இஞ்சி, பச்சடி, கிச்சடி (தயிர் சேத்த காய்), துவரன், அவியல், எரிசேரி (தேங்காய் சேத்த காய்க் கூட்டு) இதெல்லாம் மேல. சோறு விழுந்ததும் பருப்பும் நெய்யும் பப்படமும், அப்புறம் சாம்பார், புளிச்சேரி, பிறகு பாயசம், ரசம், மோர். இந்தக் கடைசி மூணுல எது முன்ன எது பின்னங்கிறது ஊருக்கு ஊர் மாறும். பாயசத்த இலையிலயே ஊத்தி பழமும் பப்படமும் போட்டுப் பிசைஞ்சு சாப்பிடுவாங்க, முதல்ல பாக்கறவங்களுக்கு ஆச்சரியமா இருக்கும், ஒரு தடவ சாப்பிட்டுப் பாருங்க. பழம் மட்டி வாழையா இருந்தா அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. 2023ல மட்டிக்கு புவிசார் குறியீடு கிடைச்சுது, இந்த மாவட்டத்து மண்ணுலதான் அதுக்கு அந்த மணம்.

படி 9: நாள் கிழமை பாத்து சமைக்கிறது

இங்க ஓணத்துக்கும் இலை விழும், பொங்கலுக்கும் பானை பொங்கும். பொங்கல் சமயத்துல சிறுகிழங்கு வரும், மண்ணு போக சாக்குல போட்டுத் தேச்சு தோல எடுக்கணும், கை கறுக்கும், ஆனா அந்த ருசிக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஆடிச் செவ்வாய்க்கு ஔவையார் அம்மன் கோயில்ல பொம்பளைங்க கூடிக் கொழுக்கட்டை அவிப்பாங்க. திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டையும் தெரளி இலையில வச்ச கொழுக்கட்டையும், அந்த இலை வாசம் மாவுல ஏறி வரும், இலை சந்தையில அந்த நேரத்துல மட்டும்தான் கட்டுக் கட்டா வரும். மாசியில மண்டைக்காட்டு பகவதி அம்மன் கோயில் கொடைக்குப் போனா மண்டையப்பம். கிறிஸ்மஸ் வந்தா அச்சப்பமும் முந்திரிக்கொத்தும், சிறுபயற வறுத்துப் பொடிச்சு சக்கரைப் பாகும் தேங்காயும் சேத்து உருட்டி, மூணு உருண்டையா ஒட்டி அரிசிமாவுல முக்கிப் பொரிக்கிறது. முந்திரிக்கொத்து எந்தச் சாதி எந்த மதம்னு பாக்காம பக்கத்து வீடு எல்லாத்துக்கும் போகும். உங்க வீட்டுக்கும் வரும், அந்தப் பாத்திரத்த வெறுசா திருப்பிக் குடுக்காதீங்க, நீங்க வச்ச ஏதாவது ஒண்ணப் போட்டுக் குடுங்க, அதுதான் இங்க முறை.

படி 10: யாருகிட்ட கேக்கணும்

பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட அளவு கேட்டா "ஒரு கை, ஒரு நுள்ளு"ன்னுதான் சொல்லுவாங்க. அத அப்படியே விட்டுராதீங்க. அவங்க சமைக்கும்போது கூட நின்னு, கையில எடுத்தத ஒரு கிண்ணத்துல வாங்கி ஸ்பூனால அளந்து நோட்டுல எழுதுங்க. எந்த ஊரு, யாரு கைப்பக்குவம், எந்தக் கறிக்குன்னு சேத்து எழுதுங்க. தோவாளைப் பக்கத்துத் தீயலும் விளவங்கோட்டுத் தீயலும் ஒண்ணா இருக்காது, மீனவக் குடும்பத்து மீன்கறியும் வெள்ளாளர் வீட்டுப் புளிச்சேரியும் நாடார் வீட்டு மரச்சீனியும் தக்கலை முஸ்லிம் வீட்டுக் கறியும் அது அதுக்குன்னு ஒரு வழி வச்சிருக்கும். எல்லாத்தையும் ஒரே அச்சுல ஊத்தி "நாஞ்சில் நாட்டு ரெசிப்பி"ன்னு ஒண்ணு எழுதிட்டா மத்ததெல்லாம் அழிஞ்சு போயிரும், அந்தப் பாவத்த நாம பண்ணக் கூடாது. ஆச்சிமார் இருக்கும்போதே கேட்டு வாங்கணும், இந்த வருஷமே கேளுங்க.

வேலைக்குப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு தேங்காய மொத்தமா தீயலுக்கு வறுத்து, தண்ணியே விடாம அரைச்சு, எண்ணெய் பிரிஞ்ச பதத்துல கண்ணாடிப் பாட்டில்ல அடைச்சு ஃப்ரீசர்ல வச்சுட்டா ரெண்டு மூணு வாரத்துக்கு வரும். ஈரக் கரண்டி மட்டும் உள்ள படக் கூடாது. பச்சை அரைப்ப இப்படி வைக்காதீங்க, அது அன்னன்னைக்குத் துருவி அன்னன்னைக்கே அரைக்கணும்.